கடைசியாகப் பார்த்தவர் கை தூக்கவும்

எங்கள் பகுதிப் பறவை ஆர்வலர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம், ரோஜாப்பூ, அரசியல் மூன்றுக்கும் அங்கே தடை. பறவை மட்டும். இந்த விதியைப் படித்துவிட்டு, அப்பாடா, அமைதியான இடம் என்று நம்பிச் சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அரசியலே தேவலை.

ஆவணி, புரட்டாசியில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும்போது 'முதல் வரவு' யாருடையது என்று ஒரு சண்டை நடக்கும். அது நாகரிகமான சண்டை. மொட்டைமாடியில் பல் துலக்கிக்கொண்டே தகைவிலானைப் பார்த்தவர் நுரையோடு பதிவு போட்டுவிடுவார். அதற்கு முன்பே பார்த்தும், காபி குடித்துவிட்டு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தவர், மனம் புழுங்கி ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்புவார். பதிவில் மணி இருக்கிறது, அதனால் வழக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும்.

பங்குனியில் வருவது வேறு ரகம்.

வசந்தம் பிறந்ததும் பறவை வந்தது என்று கொண்டாடுவதெல்லாம் வடக்கே இருப்பவர்களுக்கு. ஐரோப்பாவில் தகைவிலான் தலை தெரிந்தால் குளிர் விட்டது என்று மகிழ்கிறார்கள். நம் ஊரில் அதே இனத் தகைவிலான் மின்கம்பியைக் காலி செய்தால் அடுத்து அக்னி நட்சத்திரம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான், கீச்சான், வாலாட்டி எல்லாம் சித்திரை முடிவதற்குள் ஒவ்வொன்றாக நழுவிவிடும். ஆக, சென்னைக்காரர்களுக்கு வசந்தம் என்பது வழியனுப்பு விழா. விழா நாயகர் எப்போது கிளம்பினார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

முதலில் வந்ததைக் கண்ணால் பார்க்கலாம். கடைசியாகப் போனதை எப்படிப் பார்ப்பது? இன்று பார்த்தது கடைசியா இல்லையா என்பது நாளை பார்க்காதபோதுதான் தெரியும். நாளை பார்க்காததை நாளன்றைக்குப் பார்த்துவிடலாம். நாம் பார்க்காததை எதிர்க்கரையில் நின்ற இன்னொருவர் பார்த்திருக்கலாம். அவர் எதிர்க்குழுவைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். (ஆமாம், எதிர்க்குழு ஒன்று உண்டு. அதைப் பற்றி எங்கள் குழுவில் பேசுவதில்லை.)

எல்லாம் அறிவியலால் வந்த வினை. 2007-இல் மைக்ரண்ட்வாட்ச் என்று இந்தியா முழுவதற்குமான ஒரு திட்டம் தொடங்கினார்கள். வலசைப் பறவைகள் எப்போது வந்தன, எப்போது போயின என்று ஆர்வலர்கள் எழுதித் தரவேண்டும். இன்று அந்த வேலை இபேர்ட் செயலிக்குப் போய்விட்டது. தட்பவெப்பம் மாறும்போது பறவைகளின் போக்குவரத்துத் தேதிகளும் நகர்கின்றனவா என்று கண்டறிய ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிட மலிவான கருவி கிடைக்காது. சம்பளம் கேட்காது, வெயிலில் நிற்கும், சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொள்ளும். 'எப்போது வந்தன' என்பதோடு அவர்கள் நிறுத்தியிருந்தால் நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம்.

எங்கள் குழுவில் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மேனேஜர் சார். கணக்கை முடிக்காமல் தூங்கிப் பழக்கமில்லாதவர். பங்குனி பிறந்ததும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் நின்று, கருவால் மூக்கன் கூட்டத்தைப் படம் எடுத்து, "இப்பருவத்தின் கடைசிப் பதிவு இதுவே எனக் கருதுகிறேன்" என்று போடுவார். குழுவே கைகூப்பும். ஒருவர் அழுகிற பொம்மை அனுப்புவார். மறுநாள் காலை, சோழிங்கநல்லூர் கம்பெனி ஒன்றில் இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் தம்பி ஒருவன் அதே கூட்டத்தைப் படம் எடுத்துப் போடுவான். "சார், இன்னும் இங்கதான் இருக்கு சார்." 'வரட்டுமா' என்று சொல்லி, செருப்பையும் மாட்டிக்கொண்டு, கேட்டைப் பிடித்தபடி அரைமணி நேரம் பேசும் விருந்தாளிகள் மாதிரிதான் இந்த மூக்கன்கள். மேனேஜர் சார் விடமாட்டார். "திருத்தப்பட்ட கடைசிப் பதிவு" என்று மறுபடி போடுவார். சித்திரை பாதிக்குள் திருத்தத்துக்குத் திருத்தம் வந்து, எது எதைத் திருத்தியது என்று பார்க்கத் தணிக்கையாளர் தேவைப்படுவார்.

அவரை நான் கேலி செய்தாலும், அந்த நாட்களில் சதுப்புநிலத்தில் நிற்பது எனக்கும் பிடிக்கும். தண்ணீர் வற்றி, மீதி இருக்கிற குட்டைகளில் எல்லாப் பறவைகளும் நெருக்கியடித்து நிற்கும். கருவால் மூக்கன் வயிறு நனையும் ஆழத்தில் நின்றுகொண்டு, நீண்ட அலகைக் கண் வரைக்கும் சேற்றில் இறக்கும். அலகின் அடி இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு. எதையோ பிடித்துத் தலையைத் தூக்கி விழுங்கிவிட்டு, அரை அடி தள்ளி மறுபடி இறக்கும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்த கழுத்தில் இப்போது செம்பழுப்பு நிறம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கும், ஒரு பறவைக்குக் கூடுதலாக, பக்கத்துப் பறவைக்குக் கொஞ்சமாக.

இந்த நிற விஷயத்தில்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஐப்பசியிலிருந்து மாசி வரை உள்ளான்கள் எல்லாம் ஒரே அழுக்குச் சாம்பலில் இருக்கும். எது எந்த இனம் என்று குழுவில் அடிதடி நடக்கும். கால் நீளம், அலகு வளைவு, புருவக்கோடு என்று ஆளுக்கொரு புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். சித்திரை நெருங்கும்போது கர்லியு சாண்ட்பைப்பர் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். கோல்டன் ப்ளோவருக்கு முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு இறங்கிவிடும். இனிமேல் குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும் என்ற நிலை வந்ததும் கிளம்பிவிடுகின்றன. சோறு போட்டது பள்ளிக்கரணை, அலங்காரம் சைபீரியாவுக்கு.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வட்டாரத்தில் 'ரெக்கார்ட் ஷாட்' என்று ஒரு சொல் புழங்குகிறது. பறவையைப் பார்த்ததற்கு அத்தாட்சி, அழகை எதிர்பார்க்காதீர்கள் என்று பொருள். என்னைப் போன்றவர்கள் போனில் எடுத்து அனுப்பும் சாம்பல் புள்ளிக்கு இது பொருத்தமான பெயர். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவர், வாத்தின் அலகிலிருந்து விழும் நீர்த்துளிக்குள் சூரியன் தெரிகிற படத்தைப் போட்டுவிட்டு, அதன் கீழும் "ஜஸ்ட் ரெக்கார்ட் ஷாட்" என்று எழுதுவார். இந்தத் தன்னடக்கத்துக்கு மட்டும் சட்டத்தில் ஏதாவது தண்டனை இருந்தால் நல்லது.

பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம். இது பறவைகளுக்கும் எங்களுக்கும் தெரியும். 200 அடி ரேடியல் சாலையில் போகிறவர்களுக்கு அது பெருங்குடிக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் பைனாகுலரோடு நின்றால் அவர்களுக்குத் தோன்றும் காரணங்களில் பறவை வராது. பால் கேன் கட்டிய பைக்கில் வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "யாருனா உள்ள விழுந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நகை எதுனா?" என்றார். நாரை பார்க்கிறேன் என்று சொன்னதும், வீட்டில் என்ன பிரச்சினையோ என்று இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

மேனேஜர் சாருக்கு இதைவிட மோசம். அவர் முக்காலி போட்டு அதன்மேல் ஸ்கோப் வைத்துப் பார்ப்பவர். தலையில் தொப்பி, கையில் நோட்டு. சென்னையில் முக்காலி போட்டு ஒற்றைக்கண்ணால் பார்ப்பவரை மக்கள் ஒரே மாதிரிதான் புரிந்துகொள்கிறார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து, "மெட்ரோ இந்தப் பக்கமும் வருதா சார்?" என்றார். அதற்குள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவருக்குப் பக்கத்தில் அரை கிரவுண்டு இருந்தது. தன் இடம் அளவையில் அடிபடுகிறதா என்று அவருக்குத் தெரியவேண்டும். சார் பொறுமையாக ஸ்கோப்பைத் தாழ்த்தி எல்லோருக்கும் பூநாரையைக் காட்டினார். மூன்று பேரும் முறைவைத்துப் பார்த்தார்கள். ஆட்டோக்காரருக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது, இரண்டாம் முறையும் பார்த்தார். அரை கிரவுண்டுக்காரர் மட்டும் கடைசியில் கேட்டார்: "அது கிடக்கட்டும் சார். ஸ்டேஷன் எங்க?"

வீட்டிலும் மரியாதை இதே அளவுதான். 2022-இல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. முதுகில் கட்டியிருந்த கருவி வழியாகக் கண்டுபிடித்தார்கள். 11 நாள். பறவைக்கு வயது ஐந்து மாதம். இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லி முடித்ததும் என் கணவர், "ஒரு தடவகூட ஆன்லைன்ல சோறு ஆர்டர் பண்ணலியா?" என்றார். மாமியார் உள்ளேயிருந்து, "அஞ்சு மாசக் குஞ்ச தனியா விட்டுட்டுத் தாய் எங்க போச்சாம்?" என்றார். தாய்ப்பறவைகள் முன்னாலேயே கிளம்பிவிடும் என்பது உண்மை. அந்த வீட்டில் அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

புறப்படும் பருவத்தில் வழியில் தங்கிப்போகும் பறவைகளும் உண்டு. எங்கள் அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு சித்திரை மாதக் காலையில், கார்களுக்கு இடையில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது ஒரு ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, வால் என்று சொல்லத்தக்கதாக ஏதுமில்லை. குளிர்காலத்தை நம் பக்கத்தில் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்கே போகிற பறவை. குழுவில் போட்டது நான்தான். ஒரு மணி நேரத்தில் வாசலில் ஏழெட்டு லென்ஸ் வந்துவிட்டன. அசோசியேஷன் செயலாளர் லுங்கியோடு இறங்கி வந்து, விசிட்டர் பார்க்கிங்கில் இரண்டு வண்டிக்குமேல் விட முடியாது என்றார். இதற்குள் பறவையைக் காணவில்லை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த காவலாளி அண்ணன் எங்கள் தவிப்பைப் பார்த்துவிட்டு, "அது வெயில் ஏறுனா சத்தமே காட்டாதும்மா. சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க, தானா கூப்பிடும்" என்றார். பெரும்பாலோர் நம்பாமல் கலைந்தார்கள். மாலையில் வந்தவர்கள் நானும் மேனேஜர் சாரும் மட்டும். ஆறு அடிக்கச் சற்று முன்பு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலிருந்து இரண்டு சுருதியில் விசில் வந்தது. சார் உடனே நோட்டை எடுத்தார். "முதல் பதிவா கடைசிப் பதிவா?" என்று கேட்டேன். இரண்டு கட்டத்திலும் எழுதிக்கொண்டார்.

வடக்கே திரும்பும் பறவையைப் பார்த்துப் பதிவு செய்யும் வியாதி நம்மிடம் புதிதும் இல்லை. சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். குமரியில் நீராடிவிட்டு வடக்கே போகிற செங்கால் நாரையிடம், வழியில் சத்திமுத்தத்துக் குளத்தில் இறங்கி, என் மனைவியைப் பார்த்துச் சொல் என்று மதுரையில் குளிரில் நடுங்கியபடி தூது சொல்கிறார். பாட்டாகப் படித்தால் கண் கலங்குகிறது. இபேர்ட் பட்டியலாகப் படித்தால் அதைவிட நேர்த்தி. எண்ணிக்கை இரண்டு, ஆணும் பெட்டையுமாக. கால் நிறமும் அலகு நிறமும் பதிவாகியிருக்கின்றன. திசை வடக்கு. தங்குமிடம் குளம், ஊர்ப் பெயரோடு. ஆனாலும் இன்றைக்கு அவர் இதை ஏற்றினால் சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து மிகப் பணிவான ஒரு மின்னஞ்சல் வரும்: 'குளிர் விடுவதற்கு முன்பே வடக்கு நோக்கிப் புறப்பாடு என்கிறீர்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக உள்ளது. படம் ஏதும் உண்டா, ஐயா?' இந்த மின்னஞ்சல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் ஜாதகம் சரியில்லை என்று சொல்லப்பட்டவர்கள்கூட அவ்வளவு வாடியிருக்க மாட்டார்கள்.

வைகாசி பிறந்தால் குழு ஓய்ந்துவிடும். யாராவது குயில் படம் போடுவார்கள். இன்னொருவர், குயில் வலசைப் பறவை அல்ல, வருஷம் முழுக்க இங்கேதான் இருக்கிறது, வேனிலில்தான் வாய் திறக்கிறது என்று திருத்துவார். மேனேஜர் சார் கணக்கை இறுதி செய்து, அட்டவணை போட்டு, பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டு மகள் வீட்டுக்குப் பெங்களூர் போய்விடுவார்.

அப்படி அவர் பெங்களூரில் இருந்த ஆனி மாதத்தில்தான் அந்தத் தம்பி ஒரு படம் போட்டான். பெரும்பாக்கத்தில், வெடித்துக் கிடந்த சேற்றின் நடுவில், ஒற்றைக் கருவால் மூக்கன். கழுத்தில் சிவப்பு ஏறவே இல்லை. போன வருஷம் பிறந்த இளவட்டங்களில் சில இப்படித்தான். இனப்பெருக்கத்துக்கு வயது வராததால் வடக்கே போவதற்கு அவசியம் இல்லாமல் கோடை முழுக்க இங்கேயே கிடந்துவிடும். ஆடியில் பெரியவர்கள் திரும்பத் தொடங்கும்போது அவர்களோடு கலந்துவிடும். கரையோரப் பறவைகளில் இது வாடிக்கை. அது மேனேஜர் சாரின் அட்டவணைக்குத் தெரியாது. பெங்களூரிலிருந்து நள்ளிரவில் பதில் வந்தது: "இது சென்ற பருவத்தின் கடைசி. கணக்கில் சேர்க்கிறேன்." தம்பி விடவில்லை. "சார், ஜூன் தாண்டிடுச்சு. இது இந்தப் பருவத்தோட முதல் வரவு. என் பேர்ல போடுங்க." அது வரவும் இல்லை, புறப்பாடும் இல்லை, அந்தப் பிள்ளை எங்கேயும் போகவே இல்லை என்று நான் எழுதினேன். இரண்டு தரப்பும் சேர்ந்து என்னைத் திட்டின.

அட்மின் இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். இனிமேல் ஆனி மாதத்தில் கருவால் மூக்கனைப் பற்றி யாரும் பதிவிடக் கூடாது. எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். அன்று மாலையே எதிர்க்குழுவில் அதே பறவையின் படம் வந்துவிட்டது, அலகு நுனியில் ஒட்டியிருந்த சேறு வரைக்கும் துல்லியமாக. கீழே 'ஜஸ்ட் ரெக்கார்ட் ஷாட்' என்று போட்டிருந்தார்கள். அது எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் எங்கள் அட்மினிடம் யாரும் போய்க் கேட்டுவிடாதீர்கள்.