ஜெர்மனிக் கடிதம்: பிரிய மறுக்கும் பைப்

ஜெர்மனி வீடுகளில் கழிவுநீரை இறக்கும் பைப் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் இருக்கும். எச்.டி. பைப் என்பார்கள். பாலிபுரொப்பிலீனால் ஆனது, சற்று நேரத்துக்கு 95 டிகிரி சூட்டையும் தாங்கும். மண்ணுக்குள் போவது வேறு சாதி, செங்காவி நிறம். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து குடியேறியவரின் கண் முதலில் தேடுவது சொல்யூஷன் டப்பாவைத்தான். அது ஊரில் பி.வி.சி.யின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். பாலிபுரொப்பிலீன் அதற்கு மசியாது. இங்கே எல்லாம் செருகல்தான். சாக்கெட்டின் வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அடுத்த பைப்பின் சீவிய முனையில் வழுக்குப் பசை தடவி உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது. ஒட்டாததை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்பது சித்தாந்தம்.

நடைமுறை வேறு. வருடங்கள் போகப்போக ரப்பர் இறுகி பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொள்கிறது. பல ஊர்களில் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது சோப்போடு சேர்ந்து கசடாகி இடுக்கில் உறைகிறது. மாட்டியவர் பசை தடவச் சோம்பியிருந்தால் கதை இன்னும் மோசம். பைப்பை முட்டும்வரை செருகி, பிறகு 10 மி.மீ. வெளியே இழுத்துவிட வேண்டும் என்பது முறை. பாலிபுரொப்பிலீன் சூட்டில் தாராளமாக நீளும்: 2 மீட்டர் பைப், 30 டிகிரி சூடேறினால் சுமார் 9 மி.மீ. கொதிக்கும் கஞ்சியை நேரே தொட்டியில் வடிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த இடைவெளி மிக அவசியம். அது இல்லாத இடத்தில் பைப் நீள வழியின்றி முட்டிக்கொண்டு நிற்கும்.

பிரிக்கும்போது முதல் வேலை, மேலே யாரும் தண்ணீர் திறக்காமல் பார்த்துக்கொள்வது. அடுத்தது கீழே ஒரு வாளி. பிறகு கிளாம்ப். அதைத் தளர்த்தாமல் பைப்பை இழுப்பவர் உண்மையில் வீட்டை இழுக்கிறார். அநேகர் செய்வது பைப்பைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது. அதனால் சாக்கெட் கோணிக்கொண்டு இன்னும் இறுகும், சமயத்தில் விரிசலும் விடும். வாயைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, கையில் இறுகிய வளையலைக் கழற்றுவதுபோல இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே நேராக இழுக்க வேண்டும். கை வழுக்கினால் ரப்பர் கையுறை. அதற்கும் மசியாவிட்டால் பட்டை ஸ்பேனர் இரண்டு, ஒன்று பிடிக்க, ஒன்று திருக.

சூடு காட்டுவதும் உதவும். சாக்கெட்டின் வெளிப்புறத்தை மட்டும் ஹேர் டிரையரால் சூடாக்கினால் அது லேசாக விரியும். தீ கூடவே கூடாது. கிரீஸ், மண்ணெண்ணெய் போன்றவை ரப்பரை ஊதவைத்துவிடும். சிலிகான் ஸ்பிரே பாதகமில்லை. தேங்காய் எண்ணெய் தலைக்கு இருக்கட்டும்.

இத்தனைக்கும் வரவில்லையென்றால் ஹாக்ஸா பிளேடுதான். வெட்டிய முனையின் பிசிறை அரத்தால் நீக்கி, விளிம்பைச் சரித்துச் சீவி, நடுவில் தடுப்பு இல்லாத கப்ளிங்கை ஒரு பக்கத்துப் பைப்பில் முழுக்க ஏற்றிக்கொள்ள வேண்டும். புதுத் துண்டை இடையில் வைத்தபின் கப்ளிங்கை இணைப்பின் நடுவுக்கு நகர்த்தினால் போதும். வெட்டுவது சுலபம்; கிழமைதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடைகள் மூடியிருக்கும், வீட்டில் அறுப்பதும் துளை போடுவதும் அமைதி விதிக்கு விரோதம். சனிக்கிழமை மாலையில் பைப்பில் கை வைத்த குடும்பம் திங்கள் காலை வரை பாத்திரத்தைக் குளியல் தொட்டியில்தான் கழுவும்.

கழன்ற பைப்பை மறுபடி மாட்டும்போது பழைய ரப்பர் வளையத்தை நம்ப வேண்டாம். புதியது தனியாகவே கிடைக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் தொட்டிக்கு அடியில் உள்ள சைஃபனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவருக்குள் போகும் பைப் வீட்டுக்காரருடையது. அதைத் தொடும் முன் அவருக்கு எழுதிவிடுங்கள்.