ஈப்போவில் ஆலையை ‘ஸ்மார்ட்’ ஆக்குவது எப்படி?

முதலில் திரை வாங்குங்கள். மெஷினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெங்லெம்பு பக்கம் கையுறை ஆலை வைத்திருப்பவர் என்றால், வரவேற்பறையில் சுவரளவுக்கு ஒரு திரை கட்டாயம். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள் சுற்ற வேண்டும். எதைக் காட்டுகிறது என்று யாராவது கேட்டால், ‘டேஷ்போர்டு’ என்று சொல்லிவிட்டு தே தாரிக் வரவழையுங்கள்.

அடுத்து பணம். 2018 அக்டோபர் 31-இல் அறிவிக்கப்பட்ட இண்டஸ்ட்ரி ஃபோர்வர்ட் கொள்கையில், சிறு, நடுத்தர ஆலைகளுக்கு 70:30 கணக்கில் 5 லட்சம் வெள்ளி வரை மானியம் வந்தது. 2023-இல் வந்த புதிய தொழில்துறைப் பெருந்திட்டம் 3,000 ஸ்மார்ட் ஆலைகள் வேண்டும் என்கிறது. அதில் இடம்பிடிப்பது எப்படி என்று ஆலோசகர் தடிமனாக ஓர் அறிக்கை தருவார். முதல் பக்கத்தில் ‘இண்டஸ்ட்ரி 4.0’ என்ற சொல் அறிமுகமான 2011 ஹானோவர் கண்காட்சி, கடைசிப் பக்கத்தில் அவருடைய பில்.

இனி சென்சார். கையுறை லைனில் பீங்கான் கை அச்சுகள் சங்கிலியில் வரிசையாக வரும். கால்சியம் நைட்ரேட்டில் முங்கி, ரப்பர் பாலில் முங்கி, அடுப்புக்குள் போகும். அச்சு சரியாகக் கழுவப்படாவிட்டால் ஊசித்துளை விழும். சோதனையில் கையுறைக்குள் 1000 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள். இரண்டு நிமிடத்துக்குள் சொட்டுகிறவை அளவுமீறினால் அந்த லாட் முழுக்கத் தள்ளுபடி. ஆகவே சென்சாரை அச்சு கழுவும் இடத்தில் வைப்பதுதான் முறை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கழிப்பறை வாசலில் வையுங்கள். யார் எத்தனை நிமிடம் போனார் என்பது அழகான கிராஃபாக வரும்.

பழைய ரப்பர் தோட்டத்து வழக்கமும் இதுதானே? சுங்கை சிப்புட் பக்கம் விடியுமுன் பெரட்டு. வெட்டு முடிந்து பாலைக் கொண்டுவந்தால், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மெட்ரோலாக் என்ற அளவுக்கருவியை அதில் மிதக்கவிடுவார்கள், கிராணி எழுதுவார், கூலி அதன்படி. அந்தக் கருவியில் ஒரு குறை: பால் கொண்டுவந்த அம்மாவும் குனிந்து எண்ணைப் படிக்கலாம், கிராணியோடு சண்டையும் போடலாம். உங்கள் டேட்டா மாடியில், பாஸ்வேர்டுக்குள் இருக்கிறது. இதைத்தான் முன்னேற்றம் என்பது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. லைனில் பழைய ஆள் ஓர் அண்ணன் இருப்பார். சங்கிலிச் சத்தம் மாறினாலே, “தவுக்கே, பேரிங் போகப்போகுது லா” என்பார். எப்போது எது நின்றது, ஏன் நின்றது, எல்லாம் அவர் சட்டைப்பையிலுள்ள 555 குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். அவரிடம் எதையும் கேட்காதீர்கள். கேட்டால் திட்டமே சிறுத்துவிடும். பழுதை முன்கூட்டியே சொல்லும் மென்பொருளை வாங்குங்கள். அதற்குப் பழைய பழுதுகளின் விவரம் வேண்டும் என்று விற்பனையாளர் கேட்பார். அப்போது ஆபீஸ் பெண்ணை அனுப்பி, அந்த 555-ஐ வாங்கி எக்செலில் அடிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து திரை சிவப்பாகி, பேரிங் போகப்போகிறது என்று அறிவிக்கும். எல்லோரும் கை தட்டுங்கள், அண்ணனும் தட்டுவார்.

படம் எடுத்து வாட்சப்பில் போட்ட கையோடு, அவருக்கு 60 வயது நிறையும் தேதியையும் அதே திரையில் ஏற்றிவிடுங்கள். வட்டம் எந்த நிறத்தில் வேண்டும் என்று மென்பொருள் கேட்கும்.