தலைகீழ் மலை

பீனிக்ஸ், அரிசோனா

மேல்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் சித்தப்பா, சித்தி இருவர் திருவடிகளிலும் அடியேன் அநேக தண்டம் சமர்ப்பித்து விஞ்ஞாபனம்.

சனி ஞாயிறுகளில் நானும் அகமுடையாளும் வீடு தங்காமல் எங்கே அலைகிறோம் என்றும், சென்ற முறை அனுப்பிய புகைப்படத்தில் முதுகில் மூட்டையும் இரண்டு கைகளிலும் தடியுமாக நான் நிற்கும் கோலத்தைக் கண்டு சித்தி கலங்கிப்போய்விட்டாள் என்றும், உத்தியோகம் போய்விட்டதா என்பதை ஒளிவுமறைவின்றி எழுத வேண்டுமென்றும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். உத்தியோகம் ஸ்திரமாகவே இருக்கிறது. அந்த மூட்டையும் தடிகளும் உத்தியோகம் உள்ளவர்களால் மட்டுமே வாங்கக் கூடியவை என்று சித்தியிடம் சொல்லவும்.

இந்தத் தேசத்தில் நடை என்பது ஒரு போகம். வாரத்தில் ஐந்து நாள் எதிர்ச்சாரிக் கடைக்குக்கூடக் காரிலேயே போய்வருகிறவர்கள், ஆறாம் நாள் விடியுமுன் எழுந்து, சுமார் 230 மைல் காரோட்டிப் போய், அதை நிறுத்த இடம் தேடி அலைந்து, பிறகு பொழுது சாயும்வரை கல்லிலும் புழுதியிலும் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்வதற்கு ஹைக்கிங் என்று பெயர். போன இடத்தில் சந்நிதி உண்டா, தீர்த்தம் உண்டா, பிரசாதம் உண்டா என்று தாங்கள் கேட்பீர்கள். ஒன்றும் கிடையாது, நடந்ததே பலன்.

நாங்கள் நடக்கப் போவது பெரும்பாலும் கிராண்ட் கேன்யனுக்கு. கொலராடோ ஆறு லட்சக்கணக்கான வருஷங்களாக அறுத்து அறுத்து, 277 மைல் நீளத்துக்கும் ஏறக்குறைய ஒரு மைல் ஆழத்துக்கும் உண்டாக்கி வைத்திருக்கும் மகா பள்ளம் அது. நம் யோகநரசிம்மர் மலையில் பிரயாசை முழுவதும் முதலிலேயே தீர்ந்துவிடுகிறது. மூச்சிரைக்கப் படியேறிச் சேவித்துவிட்டால், இறங்கும்போது ஊர்வம்பு பேசுவதற்கு வேண்டிய சுவாசம் மிச்சமிருக்கும். இங்கேயோ மலையைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். காலைக் குளிரில், பெயருக்குக்கூடக் களைப்பில்லாமல், பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறவனுடைய உல்லாசம், கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறவன் வீட்டுப் பந்தலில் முதல் நாள் காணும் உல்லாசமே. அசலும் வட்டியும் பிற்பகல் வெயிலில், செங்குத்தான ஏற்றத்தில், அடி அடியாக வசூலாகும்.

ப்ரைட் ஏஞ்சல் என்னும் பாதையில் இறங்கினோம். தென்கரையில் அது தொடங்குமிடம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 6,860 அடி. நாலரை மைலில் 3,000 அடிக்கு மேல் இறங்கி, ஹவசுபாய் கார்டன்ஸ் என்ற சோலையை அடைந்து, அதற்கப்பால் ஒன்றரை மைல் நடந்தால் ஆற்றுக்கு மேலே தொங்குகிற ப்ளாட்டோ பாயின்ட். ஒரே நாளில் ஆற்றுவரை போய்த் திரும்பும் எண்ணம் வேண்டாமென்று பலகைகளில் எச்சரித்திருக்கிறார்கள். படித்தால் புரியாதவர்களுக்காக, வெயிலில் மண்டியிட்டு வாந்தியெடுக்கும் ஒரு வாலிபனுடைய சித்திரமும் உண்டு.

அதையும் தாண்டிப் போகிறவர்களுக்காகப் பாதையில் தொண்டர்கள் நிற்கிறார்கள். எங்கே போகிறீர், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, தின்பதற்கு என்ன, எப்போது திரும்புவீர் என்று அவர்கள் விசாரிக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்தபடி தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தாங்கள் இத்தனை காலமாக ஊதியமின்றிச் செய்துவரும் இந்தக் கைங்கரியத்தை, இங்கே 1997-ஆம் வருஷம் முதல் பூங்கா நிர்வாகமே ஒரு திட்டமாக ஏற்று நடத்துகிறது. ஆனால் எந்த ஊர், எந்தக் கோத்திரம் என்று கேட்குமளவுக்கு அவர்கள் இன்னும் முன்னேறவில்லை.

தண்ணீர் சமாசாரம் வேடிக்கையானது. நம்மூர் தனுஷ்கோடியில் ஸ்ரீராமன் ஒரே பாணத்தால் பாறையைப் பிளந்து, பிராட்டியின் தாகம் தீர்க்க வருவித்த நீர், பழுதுபார்க்க ஆளில்லாமலே இருந்துவருகிறது. இவர்கள் 1960-களில், வடகரையின் கீழே ரோரிங் ஸ்ப்ரிங்ஸ் என்ற ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு குழாய் போட்டார்கள். பாதையோரக் குழாயடிகளுக்கும் தென்கரைக்கும் அதுதான் ஆதாரம். அது ஓயாமல் உடைந்துகொண்டிருப்பதால், புறப்படுமுன் எந்தக் குழாயில் நீர் வருகிறதென்று விசாரித்துக்கொள்வது இந்த யாத்திரையின் சங்கல்பம் ஆகிவிட்டது.

தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்து சித்தம் கலங்குமாம். ஆகையால் உப்புள்ள பண்டம் தின்னுங்கள் என்று அதிகாரிகளே உபதேசிக்கிறார்கள். உடன் வந்த ஆபீஸ் நண்பர் இதற்கென்று கடையில் விற்கும் மாத்திரைகளையும் பொடிகளையும் ஒரு வைத்தியரைப்போல் பரப்பி வைத்தார். நான் சித்தி அனுப்பிய புளிக்காய்ச்சலில் கலந்த புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்த்தேன். உப்பு, புளி, நல்லெண்ணெய், வேர்க்கடலை: அதிகாரிகள் கேட்டதெல்லாம் அதிலே இருந்தது. நண்பர் ஒரு பிடி வாங்கி உண்டு, கண்ணை மூடி ஆனந்தித்து, மறுபிடியில் பளபளவென்று கறுத்துச் சிவந்திருந்த வறுத்த மிளகாயை ஏதோ உலர்ந்த பழமென்று நினைத்து மென்றுவிட்டார். சோலைக் குழாயில் அன்று நீர் வந்தது பகவானுடைய கிருபை.

அந்த அமர்க்களத்தில் பொட்டலத்தண்டை ஓர் அணில் வந்து நின்றது. நம் அணிலைப்போல் இருமடங்கு, சாம்பல் நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், நடக்கும்போது தரையைத் தொடும் தொந்தி. ஸ்ரீராமன் தடவிக்கொடுத்த மூன்று கோடுகள் இந்த ஜாதிக்குக் கிடையாது, குணமும் அதற்குத் தக்கபடியே. அது பயப்படவுமில்லை, கெஞ்சவுமில்லை. என் பூட்ஸின் மேல் முன்கால் இரண்டையும் ஊன்றி, பாக்கி வசூலிக்க வந்தவன் மாதிரி என் முகத்தைப் பார்த்தது. இவற்றுக்கு ஒரு பருக்கை போட்டாலும் அபராதம், போடாவிட்டால் கடி. யோகநரசிம்மர் படிக்கட்டில் தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்குகளிடம் பால்யத்தில் பெற்ற பயிற்சியால் பொட்டலத்தைக் காப்பாற்றினேன்.

இனித் தங்களுக்கு உகப்பான விஷயம். 1880-களில் இந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, உள்ளே கோபுரங்கள்போல் எழும்பி நிற்கும் குன்றுகளுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்றெல்லாம் பெயர் சூட்டினார். அந்த வழக்கத்தில் பிறகு ராமர் சந்நிதியும் கிருஷ்ணன் சந்நிதியும் வந்து சேர்ந்தன. விஷ்ணு கோயிலைத் தென்கரையிலிருந்தே நான் சேவித்தேன். ஆனால் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும், தாங்கள் க்ஷமிக்க வேண்டும்: இங்குள்ள பாறையெல்லாம் குறுக்குவாட்டில் பட்டை பட்டையாகப் படிந்திருப்பதால், நம் பெருமாள் விபூதி தரித்தே காட்சி கொடுக்கிறார். சிவன் கோயிலுக்கு 1937-இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார், யுகயுகமாகத் தனித்துக் கிடக்கும் உச்சியில் அபூர்வ ஜந்துக்கள் இருக்கலாமென்று ஆர்ப்பாட்டமாக ஏறினார்கள். அபூர்வமாக ஒன்றும் அகப்படவில்லை. அவர்களுக்கு முன்பே சந்தடியில்லாமல் ஏறி இறங்கிவிட்ட எமரி கோல்ப் என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் விட்டுவந்த கோடாக் பெட்டி மட்டும் கிடந்தது.

ப்ளாட்டோ பாயின்டில் நின்று குனிந்து பார்த்தால், பாதாளத்தில் ஆற்றின் இருபுறமும் கன்னங்கரேலென்று ஒரு பாறை தெரிகிறது. சாஸ்திரிகள் அதற்கும் விஷ்ணு என்றே நாமகரணம் செய்திருக்கிறார்கள். மேல்விளிம்புச் சுண்ணாம்புப் பாறைக்கு வயது 27 கோடி வருஷம். இந்த விஷ்ணுவுக்கு ஏறக்குறைய 170 கோடி. நண்பர் இதைப் பெருமையோடு சொன்னபோது, எங்கள் மைசூர்ப் பீடபூமியின் அடித்தளப் பாறைகளில் பெரும்பகுதி 250 கோடி வருஷத்துக்கும் முந்தியது, அவற்றின் மேல் படிவெட்டி எங்கள் சித்தப்பா காலணிகூட இல்லாமல் ஏறுகிறார் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, அங்கே பார்க்கிங் எப்படி என்று கேட்டார்.

ஒரு காரியத்தில் மட்டும் இவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். மனிதன் வந்து போகும் விருந்தாளியாக மட்டுமே இருக்கத்தக்க வனங்கள் சில வேண்டுமென்று 1964-இல் ஒரு சட்டமே செய்திருக்கிறார்கள். அந்த மனோபாவம் எல்லாப் பாதையிலும் பரவியிருக்கிறது. ஆரஞ்சுத் தோலைக்கூட எறியாமல் மூட்டையில் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். அதைவிடச் சொல்லக்கூசும் வஸ்துக்களையும் பையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நம் பாட்டியின் மடி ஆசாரம் இவர்களிடம் தோற்றுப்போகும். வைரமுடி சேவை ஆன மறுநாள் காலையில் நம் கல்யாணிப் படிக்கட்டு இருக்கும் இருப்பை நான் இங்கே ஒருவரிடமும் சொல்வதில்லை.

ஆனால், ஆளில்லாத வனம் என்று பேசுகிறவர்கள் அங்கிருந்த ஆட்களைப் பற்றியும் பேச வேண்டும். நாங்கள் புளியோதரை உண்ட அந்தச் சோலையில் பரம்பரையாகப் பயிர்செய்துவந்த ஹவசுபாய் ஜனங்களில் கடைசியாக எஞ்சியவரையும் 1928-இல் வெளியேற்றிவிட்டு, 2022-இல்தான் அவ்விடத்துக்கு அவர்கள் பெயரைச் சூட்டினார்கள். பெயர் திரும்பியது, நிலத்தைப் பற்றிப் பேச்சில்லை.

தாங்கள் இருவரும் இங்கே வருவதாயிருந்தால் பங்குனியில் வைரமுடி ஆனவுடன் புறப்படுவது உத்தமம். வெயில் அதற்குப் பிறகுதான் முற்றும். சித்தியின் முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். தென்கரையோரமாகக் காசு வாங்காமலே பஸ் ஓடுகிறது. புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காமல், இறுக மூடிப் பெரிய பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும். இம்முறை நண்பருக்கும் சேர்த்து, மிளகாயை எடுத்துவிட்டு, ஒரு தனிப் பாட்டில்.

இப்படிக்கு,
அடியேன்,
தங்கள் அண்ணாவின் குமாரன்