கூண்டு கழுவும் மிராசுதார்

தஞ்சாவூரில் பழைய செய்தித்தாளை எடைக்குப் போடாத வீடு ஒன்று இருந்தால், உள்ளே நம் ஆள் இருக்கிறார் என்று பொருள். மெடிக்கல் காலேஜ் ரோடு, நாஞ்சிக்கோட்டை ரோடு, புது ஆற்றுக் கரையோரத்து நகர்கள் என்று எங்கும் பரவியிருக்கிற இனம். வயது 65க்கு மேல். பூர்வீகம் பாபநாசம், அம்மாப்பேட்டை, திருவையாறு என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். விற்றது போக, குத்தகையில் சிக்கியது போக, ஊரில் இன்னும் கொஞ்சம் நஞ்சை உண்டு. அதனால் டவுனுக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் மிராசுதார் என்ற பெயர் போகவில்லை. விடியற்காலை காபிக்கு முன்பே முந்தின நாள் பேப்பரோடு கூண்டின் முன் உட்கார்ந்துவிடுவார்.

கூண்டுத் தட்டில் தாள் விரிப்பது சாதாரணக் காரியமில்லை. முதலில் ஆன்மிக இணைப்பை ஒதுக்க வேண்டும். சாமி படத்தின் மேல் எதுவும் புழுக்கை போட்டுவிடக் கூடாது. அடுத்து கண்ணீர் அஞ்சலிப் பக்கம். அதில் இருப்பவர் எப்படியும் ஒருவகையில் சொந்தமாக இருப்பார். தன் கட்சித் தலைவரின் படம் வந்திருந்தால் கத்தரித்து எடுத்துவிடுவார். எதிர்க்கட்சித் தலைவர் படம் என்றால் முகம் மேலே தெரியும்படி, தட்டின் நட்டநடுவில், சுருக்கமில்லாமல் நீவி விரிப்பார். வயதானாலும் கொள்கை தளராதவர்.

உள்ளே இருப்பது கினி பிக். சென்னையில் பேரன் பிறந்தநாளுக்கு அடம்பிடித்து வாங்கியது. மருமகளுக்குத் தும்மல் வந்தது, அடுக்குமாடிச் சங்கத்தில் யாரோ நாற்றம் என்றார்கள், மகனுக்கு ஆபீஸ் வேலை கூடிவிட்டது. "ரெண்டே வாரம் தாத்தா" என்று கூண்டோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான் பேரன். அதற்குப் பிறகு குறுவை வந்தது, சம்பா வந்தது, தாளடியும் வந்தது; பேரன்தான் வரவில்லை. பிராணி வாங்குகிறவர் ஒருவர், கூண்டு கழுவுகிறவர் வேறொருவர் என்பது உலகம் முழுக்க உள்ள ஏற்பாடு. ஆனால் அந்த இரண்டாமவர் டெல்டாவில் ஒரு மிராசுதாராக அமைவதில்தான் விசேஷம்.

ஏனென்றால் இவர் பரம்பரையே எலியோடு யுத்தம் நடத்தின பரம்பரை. வரப்பைக் குடைந்து, கதிரைக் கத்தரித்து, வளைக்குள் நெல்லை மூட்டைக் கணக்கில் பதுக்குகிற வயல் எலிக்கு எதிராகக் காவிரிப் படுகை கண்டுபிடித்த ஆயுதம் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டி இரை வைப்பார்கள். எலி வாய் வைத்ததும் நாண் கழுத்தை இறுக்கிவிடும். தஞ்சாவூர்க் கிட்டி என்றே வேளாண்மைப் பாடப்புத்தகங்களில் பெயர். சாயங்காலம் வயலில் ஊன்றி விடியுமுன் எடுக்கிற ஆட்களுக்கு, எலிக்கு இவ்வளவு என்று கூலி. ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று வயலுக்குள் குச்சி நட்டு வைப்பதும் உண்டு. இவ்வளவையும் முன்நின்று நடத்தியவர்தான், இப்போது ஒரு கொறிக்கும் பிராணியை மடியில் துண்டு விரித்துப் படுக்கவைத்து, டார்ச் அடித்து நகத்துக்குள் ரத்தக்குழாய் எதுவரை ஓடுகிறது என்று பார்த்து, நுனியை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

கூலி வாங்க வந்த கிட்டிக்காரர் இந்தக் காட்சியைப் பார்த்துத் திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு."

"அங்க ஒரு எலிக்கு இவ்வளவுன்னு கொடுத்துக் கொல்லச் சொல்றீங்க. இங்க அதோட பெரியப்பாவ மடியில வச்சு நகம் வெட்டுறீங்களே?"

"இது வேறப்பா. இது தென் அமெரிக்கா."

"அந்த ஊருல கிட்டி கிடையாதுங்களா?"

அந்த ஊரில் கிட்டிக்குத் தேவையே இல்லை. பெருவில் இதை வீட்டிலேயே வளர்த்து வறுத்துச் சாப்பிடுகிறார்கள். மிராசுதாருக்கு அது தெரியும். ஆனால் கினி பிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? கூலியோடு பத்து ரூபாய் கூடக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஊர் வீட்டுக் கொட்டகையில் ஏழெட்டு மாடுகள் நின்றன. சேற்று உழவுக்கென்றே பேர்போன உம்பளச்சேரி ஜோடி ஒன்றும் இருந்தது. அதன் சாணியை இவர் ஒருநாள் அள்ளியதில்லை. அள்ளுகிற ஆள் வராத அன்று, "ஏன் இன்னும் அள்ளல?" என்று திண்ணையிலிருந்து சத்தம் போட்டதுதான் இவருடைய அதிகபட்சப் பங்கு. பால் கொடுத்ததற்கும் உழுததற்கும் கிடைக்காத கைங்கரியம், ஒன்றுமே செய்யாமல் கொத்தமல்லித் தழை தின்று கீச்சிடுகிற பிராணிக்குக் கிடைக்கிறது. அவர் மனைவி இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. அந்த அம்மாளின் புடவை முந்தானையை இவர் ஒருநாளாவது அலசியிருப்பாரா என்பது தனிக் கணக்கு. அதற்குள் நாம் போக வேண்டாம். கூண்டுத் துணியை மட்டும் தனி பக்கெட்டில் ஊறவைத்து, வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக் காயவைக்கிறார்.

சுத்தத்தில் அவர் கடந்து வந்த பாதை நீண்டது. முதலில் நெல் ஊர்க்காரர் புத்தி, உமியைக் கொட்டினார். தூசி பறந்து பிராணி தும்மியது, ரோமமெல்லாம் உமி. பிறகு வைக்கோல். அதன் தாள் விறைப்பானது, கண்ணில் குத்திவிடும் என்று டாக்டர் தடுத்தார். கம்பி வலைத் தரை ஒழுங்காக இருக்கிறதே என்று வெறுமனே விட்டபோது பாதம் சிவந்தது. அந்தப் பாதத்துக்குக் கம்பியே ஆகாதாம், புண் வைத்துவிடும். கடைசியில் அட்டை, அதன் மேல் பேப்பர், அதன் மேல் பழைய காட்டன் துணி, ஒரு மூலையில் காய்ந்த மெல்லிய புல் என்று தீர்ந்தது. நனைந்த இடத்தைத் தினமும் எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை முழுக் கழுவல். பினாயில் கூடாது. அந்த நெடி பிராணியின் மூச்சுக்கு ஆகாது. மூத்திரத்தில் கிளம்பும் அம்மோனியா அதைவிட மோசம். நாம் நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது, தரையோடு தரையாய்க் கிடக்கும் பிராணிக்குத்தான் தெரியும். ஆகவே மிராசுதார் வேட்டியை மடித்துக் கட்டி, மண்டியிட்டு, கூண்டுக் கதவுக்குள் மூக்கை நுழைத்து ஒரு மூச்சு இழுக்கிறார். கோயிலில்கூட இடுப்பு வலி என்று நின்றபடியே கும்பிடுகிறவர்.

தட்டின் ஓரத்தில் மூத்திரம் காய்ந்து வெள்ளையாக உப்புப் படியும். சுண்ணாம்புச் சத்து, சோப்புக்கு அசையாது. புளிப்பு பட்டால்தான் கரையும். வினிகர் வாங்கச் சொன்னான் பேரன். எதற்கு, பூஜைப் பாத்திரம் தேய்க்கிற பழம்புளி இருக்கிறதே என்று இவர் அதில் ஒரு உருண்டை எடுத்துத் தேய்த்தார். தட்டு பளபளத்தது. மிச்சப் புளியை நல்ல பிள்ளையாய்க் குத்துவிளக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததை எழுதுவதற்கில்லை.

குளியல்தான் பெரிய சண்டை. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்காதவன் மனிதனில்லை என்பது இவர் சித்தாந்தம். அதே சலுகையைக் கினி பிக்குக்கும் நீட்டிக்க நினைத்தார். வீடியோ காலில் பேரன் அலறினான். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறளும், சளி பிடிக்கும், சீப்பால் வாரினால் போதும். டால்கம் பவுடர் போடலாமா என்று கேட்டார். அதுவும் நுரையீரலுக்குக் கெடுதல். "அப்ப அதுக்கு என்னதான்டா சந்தோஷம்?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பேரன் சிஞ்சில்லா என்ற இன்னொரு கொறிக்கும் பிராணியைக் காட்டினான். ஆண்டிஸ் மலைக்காரர், தண்ணீரே படக் கூடாதவர். ஒரு மயிர்க்காலில் நமக்கு ஒன்றிரண்டு முடி என்றால் அதற்கு 50, 60 முளைக்குமாம். மிராசுதார் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த அடர்த்தியில் ஈரம் நின்றால் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அதனால் எரிமலைச் சாம்பல் போன்ற மெல்லிய தூளை ஒரு சட்டியில் வைத்தால், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதில் விழுந்து புரண்டு எழுந்துவிடும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் தூளோடு உதிரும். கோழியும் குருவியும் புழுதியில் செய்வதுதானே என்று முதலில் அலட்சியமாகச் சொன்னார். பிறகு யோசனை ஓடியது. மாமிசம் தொடாது, தண்ணீர்த் தீட்டுப் படாது, உடம்பெல்லாம் சாம்பல் பூசும். "அசல் சைவம்டா" என்று உருகிவிட்டார். திருநீறு மூட்டையாக வாங்கினால் என்ன விலை என்று மேலவீதிக் கடையில் விசாரித்ததாகவும் கேள்வி.

அதையும் ஒன்று வாங்கி வளர்க்கும் ஆசையைக் கெடுத்தது வெயில்தான். 1923இல் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்க இன்ஜினியர் 11 சிஞ்சில்லாக்களைச் சிலியிலிருந்து கப்பலில் கொண்டுபோனபோது, வழியெல்லாம் ஐஸ்கட்டி வைத்துக் குளிரூட்டிக் காப்பாற்றினார். இன்று வீடுகளில் வளர்கிற சிஞ்சில்லாக்களில் பெரும்பாலானவை அவற்றின் வம்சம். 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து தொடங்கிவிடும். தஞ்சாவூரில் மார்கழி அதிகாலை தவிர மற்ற நேரத்தில் அந்த 25 எங்கே இருக்கிறது? ஹாலில் இரவு பகலாக ஏசி ஓட வேண்டும். பெண்டாட்டி பத்து வருஷமாகக் கேட்டு வாங்கித் தராத ஏசி. 15 வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும் என்று பேரன் சொன்னதும் மனக்கணக்கில் கரண்ட் பில் 80 வயதைத் தாண்டி ஓடியது. "நமக்கு இருக்கிறதே போதும்" என்று ஈரச் சாக்கைக் கூண்டின் மேல் போட்டார்.

கால்நடை மருத்துவமனைக்கு வயர் கூடையில் வைத்துக் கொண்டுபோன நாளும் உண்டு. ஒரத்தநாட்டில் 2012இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிற மாவட்டம். மாட்டுக்குத் தெரியாத வைத்தியமில்லை. வரிசையில் சினை மாடு, கழிச்சல் கண்ட கோழி, கால் ஒடிந்த ஆடு, நடுவில் வயர் கூடை. "இது எவ்வளவு கறக்குங்க?" என்றார் மாட்டுக்காரர். டாக்டர் சொன்னது சுருக்கமானது: பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல் நிறையப் போடுங்கள், தேயும். வைட்டமின் சி தானாகச் சுரக்காது, நெல்லிக்காயோ கொய்யாவோ துண்டு கொடுங்கள். மனிதனுக்கும் இதே குறைதானாம். வயல் எலிக்கு அந்தக் குறையில்லை, தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் எலி தன்னை முந்திவிட்டது என்று கேட்டபோதுதான் மிராசுதாருக்கு முகம் வாடியது.

கோடை விடுமுறையில் பேரன் வந்தான். கூண்டைச் சென்னைக்கே எடுத்துப் போகிறேன் என்றான். தாத்தா பெண் கொடுக்கிற வீட்டுக்காரர்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபிளாட்டில் கூண்டு எந்தப் பக்கம், மேற்கு வெயில் அடிக்குமா, தட்டு யார் கழுவுவது, உங்கப்பன் எந்தப் பேப்பர் வாங்குகிறான்? பேரன் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான், கடைசிக் கேள்வி தவிர. அப்பா போனில்தான் செய்தி படிக்கிறார்.

"பேப்பரே வாங்காத வீட்டுல இத எப்படிடா வைப்ப?"

"அவன் ஆசையா கேக்குறான், கொடுத்து அனுப்புங்க" என்றார் பாட்டி.

"யாரு மாட்டேன்னா? ஜூன் 12 மேட்டூர் தொறக்கட்டும். தண்ணி வந்ததும் பாத்துக்கலாம்."

பள்ளிக்கூடம் அதற்கு முன்பே திறந்துவிடும் என்பது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும்.