பெரியப்பாவுக்குக் குவாங்சௌவிலிருந்து

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாள்தோறும் விடியற்காலையில் நீங்கள் தவறாது அனுப்பிவரும் நல்லூர்க் கந்தன் படங்களுக்கு என்னிடமிருந்து மறுமொழியே இல்லையென்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். சீன தேசத்தில் வாட்ஸ்அப்புக்கு அனுமதி இல்லையாதலால், கந்தப்பெருமான் எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிடுகிறார் என்பதை விண்ணப்பிக்கவே, வழக்கொழிந்துபோன கடிதம் என்னும் இச்சாதனத்தைக் கையிலெடுத்திருக்கிறேன்.

இங்கே அந்நியன் ஒருவன் விடுதியில் அல்லாது வீட்டில் குடியேறினால், 24 மணித்தியாலத்துக்குள் பொலிசில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். ஊரில் நான் போவதையும் வருவதையும் படலையடியில் நின்றபடியே பெரியம்மா ஒரு பத்திரமும் கேளாமல் பதிந்துவைத்த காரியத்துக்கு, இங்கே கடவுச்சீட்டும் வாடகை ஒப்பந்தமும் வேண்டியிருக்கின்றன. இந்த அவஸ்தை நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. அயல் மாகாணத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டில் தமிழர் சிவபெருமானைப் பிரதிஷ்டை செய்து பொறித்த தமிழ்க் கல்வெட்டிலே, அக்காரியம் மொங்கோலியக் கானின் ஆணைச்சீட்டுப்படியே நடந்தது என்று கண்டிருக்கிறது. ஈசுவரனே பத்திரத்தோடு குடியேறிய தேசத்தில் நான் முறைப்பாடு செய்வது அழகா?

காசு என்ற வஸ்து இங்கே ஏறத்தாழக் காட்சிப்பொருள். கீரை விற்கும் ஆச்சிகூடத் தராசிலே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறா. தொலைபேசியை அதற்கு நேரே பிடித்தால், இத்தனை யுவான் வந்து சேர்ந்தது என்று பக்கத்திலிருக்கும் சிறு பெட்டி சந்தை முழுவதற்கும் பிரசித்தம் செய்கிறது. கடன் சொல்லி வாங்கும் நமது புராதன கலைக்கு இதில் இடமேயில்லை. பற்றரி தீர்ந்துவிட்டாலோ, தனவந்தனும் அக்கணமே தரித்திரன்.

பங்குனி மாதத்தை நினைத்தாலே நடுக்கம். குளிர்காலம் முழுதும் ஆறிக்கிடந்த சுவர்களில் தெற்கேயிருந்து வரும் ஈரக்காற்று பட்டவுடன், சுவரும் தரையும் கண்ணாடியும் வியர்த்து வடியத் தொடங்கும். காற்றோட்டமே ஆரோக்கியம் என்று நீங்கள் உபதேசித்தபடி யன்னலைத் திறந்துவைத்தேன்; மூன்றாம் நாள் என் தோற் சப்பாத்தில் பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அக்காலத்தில் யன்னலைச் சாத்திவைப்பதே இவ்வூர் சாஸ்திரம்.

வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தின்னாதவன் பாடு தனிப் புராணம். மரக்கறிதான் என்று சத்தியம் செய்து கொண்டுவந்து வைக்கும் டோஃபுவின் அடியிலே, பொடியாகக் கொத்திய பன்றியிறைச்சி பதுங்கியிருக்கும், அது மணத்துக்காகவாம். விகாரைகளை அண்டிய சைவச் சாப்பாட்டுக் கடைகள் இருப்பதால் விரதம் தப்பிப் பிழைக்கிறது. ஆனால் உறைப்பு? கன்டன் என்னும் இவ்வூரின் சமையலில் அதை எதிர்பார்ப்பவன் பேதை.

ஆகையால் ஒரு விண்ணப்பம். 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை இங்கே கூடிவரும் கன்டன் வர்த்தகச் சந்தைக்கு, ஒக்ரோபரில் கொழும்பு வியாபாரிகள் யாரேனும் புறப்பட்டால், பெரியம்மா வறுத்து இடித்த தூளில் இரண்டு கிலோ கொடுத்தனுப்பவும். ஒடியல் மாவும் ஒரு பொதி வைத்தால் உத்தமம். கூழுக்கு வேண்டிய நண்டும் இறாலும் இங்கே கடைத் தொட்டிகளில் உயிரோடேயே நீந்துகின்றன.

இங்ஙனம்,
உங்கள் பெறாமகன்