மூதேவி சர்பத்

போன வருடம் மே மாதக் கடைசியில் அம்மா உறையூரிலிருந்து இங்கிலாந்தில் எங்கள் ரெடிங் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெட்டியைத் திறந்தால் புளி, அப்பளம், வடகம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை. எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்தக் கூடையை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். விடிகாலை ஐந்தரைக்கு வாக்கிங் என்று கிளம்பி, தெருவில் எந்த மதிலைத் தாண்டி எந்தச் செம்பருத்தி எட்டிப் பார்த்தாலும் அதைச் சாமிக்குக் கொண்டுவந்து சேர்க்கிற கூடை அது. எட்டாத கிளைக்குக் குடைக் கைப்பிடி. திருட்டு என்று அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "வெளியில நீட்டிக்கிட்டிருந்தா அது தெருவுக்குச் சொந்தம்டா."

மறுநாள் கென்னட் ஆற்றங்கரையில் நடக்கப் போனோம். ஜூன் பிறக்கப்போகும் நேரம். வேலியோரமெல்லாம் எல்டர் மரம் பூத்துக் கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான வெள்ளைக் குடைகள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் மிளகளவுதான். ஐந்து இதழ், நடுவே ஐந்து மஞ்சள் புள்ளி. அம்மா ஒரு கொத்தை இழுத்து முகர்ந்தாள். கண்ணை மூடினாள். "கம்பத்துப் பன்னீர் திராட்சைடா!"

அது நிஜம். கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சை, மஸ்கட் வகையைச் சேர்ந்தது. எல்டர் பூவின் மணத்துக்கு இங்கிலாந்துக்காரர்கள் உவமை சொல்வதும் அதே மஸ்கட்தான்.

"பேரு என்ன?"

"எல்டர்."

"அப்படின்னா?"

"மூத்தது, பெரியது…"

"மூத்தவளா? மூதேவியா?"

மரத்தின் பெயருக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை, அது வேறொரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து திரிந்து வந்தது என்று நான் விளக்கியிருக்கலாம். அதோடு நிறுத்தியுமிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. இந்த மரத்துக்குள் எல்டர் தாய் என்று ஒரு கிழவி குடியிருப்பதாகவும், அவளிடம் கேட்காமல் கிளையை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்றும், விறகாக வீட்டுக்குள் எரித்தால் சைத்தான் வந்துவிடுவான் என்றும் இங்கேயும் டென்மார்க்கிலும் நம்பியிருக்கிறார்கள் என்று எடுத்துவிட்டேன்.

"நான்தான் சொன்னேனே, மூதேவியேதான்" என்ற அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தைக் கும்பிட்டு, முணுமுணுவென்று அனுமதி கேட்டு, பறிக்கத் தொடங்கினாள். கூடை எப்படிக் கைக்கு வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்து நாயோடு ஒரு பெரியவர் வந்தார். எனக்குச் சின்ன வயதில், அம்மா பூப்பறிக்கும்போது உறையூர் எதிர்வீட்டு மாமா கத்துவாரே, அந்த நடுக்கம். இவரோ நின்று, புன்னகைத்து, "கார்டியலா?" என்று கேட்டுவிட்டு, உச்சிக்கிளையில் இன்னும் நல்ல பூ இருக்கிறது என்று கைகாட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து தேடினேன். இந்த நாட்டின் 1968 திருட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது: தானாக வளர்ந்த செடிகொடியிலிருந்து பூவோ பழமோ தழையோ பறிப்பது திருட்டாகாது, விற்பதற்காகப் பறித்தால்தான் குற்றம். யாரோ நட்டு வளர்த்ததற்கு இந்தச் சலுகை இல்லை; பூங்காக்களுக்குத் தனி விதி. அம்மா இதில் முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஒரு ஆபத்து உண்டு. சாக்ரடீஸ் கதையை முடித்த ஹெம்லாக்கும் அதே ஆற்றங்கரையில், அதே ஜூனில், அதே மாதிரி வெள்ளைக் குடை விரித்து நிற்கும். நான் படம் பார்த்து, பட்டியல் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரே வரியில் முடித்தாள்: "முருங்கை மாதிரி மரமா நின்னா பறி. கொத்தமல்லி மாதிரி செடியா நின்னா தொடாதே." ஹெம்லாக் கொத்தமல்லிக் குடும்பம்தான் என்பதைப் பிறகு படித்தபோது எனக்கு லேசாகப் புல்லரித்தது.

கார்டியல் என்பது பூச் சர்பத்துதான்; செய்முறை எளிது. இருபத்தைந்து கொத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒன்றேகால் கிலோ சர்க்கரை, நாலு எலுமிச்சை, ஐம்பது கிராம் சிட்ரிக் ஆசிட். காம்பிலும் இலையிலும் நச்சுச் சத்து இருப்பதால் காம்பை ஒட்ட நறுக்கிவிட வேண்டும். பூவை மட்டும் கழுவக் கூடாது. வாசனை மகரந்தத்தில் இருக்கிறது. இங்கேதான் யுத்தம் மூண்டது. கழுவாமல் எதையும் அடுப்படிக்குள் விட்ட பரம்பரை இல்லை எங்களுடையது. பூவைச் செய்தித்தாளில் ஒரு மணி நேரம் பரப்பிவைத்து, கடுகைவிடச் சின்ன கறுப்பு வண்டுகள் தாமாகக் குடும்பத்தோடு வெளியேறுவதைக் காட்டிய பிறகே சமாதானம் ஆனது.

சிட்ரிக் ஆசிட் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். எதற்கு என்றார். இந்த ஊரில் ஹெராயின் பழக்கம் உள்ளவர்கள் அதைக் கரைக்கச் சிட்ரிக் ஆசிட் வாங்குவதுண்டு. அதனால்தான் அந்த விசாரணை. மூன்று நாள் தாடியும் தூக்கமில்லாத கண்ணுமாக நான் "பூவுக்கு" என்றேன். அது எந்தப் போதைப்பொருளின் சங்கேதப் பெயரோ என்று அவர் யோசிப்பது தெரிந்தது. பின்னால் சுங்குடிப் புடவையும் ஸ்வெட்டரும் ஷூவுமாக அம்மா கூடையை உயர்த்திக் காட்டினாள். ஒரு பொட்டலம் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான்.

இருபத்துநாலு மணி நேரம் ஊறியதை என் பழைய மல் வேட்டியில் வடிகட்டினோம். ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு குளிர்ந்த தண்ணீர். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நன்னாரி சர்பத்துக்குத் தங்கச்சி" என்று சான்றிதழ் கொடுத்து, அடுத்த தம்ளரில் சப்ஜா விதையைப் போட்டாள். 2018இல் இளவரசர் ஹாரி கல்யாணத்துக் கேக்கே எலுமிச்சையும் எல்டர் பூவும்தான் என்று சொன்னேன். மூதேவியின் அந்தஸ்து கொஞ்சம் உயர்ந்தது.

பஜ்ஜிதான் தோல்வி. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கொத்தைக் காம்போடு பிடித்து மைதா மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே சர்க்கரை தூவுவார்கள். "பஜ்ஜிக்குச் சர்க்கரையா?" என்று அம்மா கடலை மாவு கரைத்தாள். மிளகாய்த்தூள், பெருங்காயம், ஓமம். பார்க்கப் பொன்னாக இருந்தது. தின்றபோது பெருங்காயம் தெரிந்தது, ஓமம் தெரிந்தது. பூவுக்குச் சாட்சியாகக் கையில் காம்பு மட்டும் மிஞ்சியது.

அதோடு விட்டிருக்கலாம். எல்டர் பூவில் ஷாம்பெயின் செய்கிறேன் என்று இறங்கினேன். பூவிலேயே இயற்கையாக ஈஸ்ட் ஒட்டியிருக்கும். சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் தானே பொங்கும். ஷாம்பெயின் என்ற பெயரைப் போட்டு இங்கே யாரும் அதை விற்க முடியாது. சர்ரேயில் ஒருவர் அப்படி விற்றபோது பிரான்சின் டெட்டாஞ்சே ஷாம்பெயின் நிறுவனம் வழக்குப் போட்டு, 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தது. நான் விற்கப்போவதில்லை என்ற தைரியத்தில், ஆறு பழரசக் கண்ணாடிப் பாட்டில்களில் அடைத்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். தடித்த கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வேண்டும், தினமும் மூடியைத் தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் நான் பிறகு படித்த பாடம். அம்மாவிடம் "பொங்குற சர்பத்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஆறாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு முதல் பாட்டில் வெடித்தது. "சிலிண்டர்! சிலிண்டர்!" என்று அலறிக்கொண்டு அம்மா தெருவுக்கு ஓடினாள். சிலிண்டரே இல்லாத வீடு இது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு. விளக்கைப் போட்டால் சுவரெல்லாம் சொட்டுகிறது. என் ஆபீஸ் ஷூவுக்குள் நுரை. வீடு முழுக்கப் பன்னீர் திராட்சை வாசனையும், அதன் அடியில் கள்ளுக்கடை வாசனையும். அம்மா மூக்கை உறிஞ்சினாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"நான் அவகிட்ட அனுமதி கேட்டது சர்பத்துக்குடா. சாராயத்துக்கு இல்லை."

ஆகஸ்டில் ஊர் திரும்பினாள். போன வாரம் விடிகாலையில் போன். எதிர்வீட்டில் மதில்மேல் காமிரா மாட்டியிருக்கிறார்களாம். சரியாகச் செம்பருத்திக்கு மேலேயே.

"ஏண்டா, அந்த 1968ஆம் வருஷத்துச் சட்டம், அதைத் தமிழில எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பேன்."