மப்ளர் கட்டிய எஞ்சின்

ஊட்டி தலைகுந்தாவில் ஜனவரிப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அங்கே காரை ஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடிக்கப் போகிறவரைக்கூட மன்னிக்கலாம். சென்னையில், 22 டிகிரி மார்கழிக் ‘கடுங்குளிரில்’, மப்ளரும் கையுமாகப் பத்து நிமிடம் பைக்கை உறுமவிடுகிறவரை என்ன செய்வது?

சோக்கை இழுத்துக் கெஞ்சிய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின், பெரும்பாலான புது பைக்குகளில் பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது கணினிதான். குளிருக்கும் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

நின்றபடி ஓடினால் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். போதாக்குறைக்கு, கூடுதலாகப் பாயும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலையும் கழுவிவிடும்.

ஜெர்மனியில் சும்மா உறுமவிட்டால் அபராதம். இங்கே பக்கத்து வீட்டுக்காரரின் இருமல் மட்டும்தான்.

அரை நிமிடம் போதும் சார். பிறகு கொஞ்ச தூரம் முறுக்காமல் ஓட்டுங்கள்.